ஈறு நிறப் பெட்டி

பொய்ப்பல் செய்கிறவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. லேப் முதலாளி கேட்டார், தம்பி கேட்டான். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் அவள் ஜன்னலில் புகை வருவதைப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று மேலே ஏறியே வந்துவிட்டார். யாருக்கும் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சொன்னால் மட்டும் புரிந்துவிடப் போகிறதா என்ற நினைப்புதான். கொஞ்சம் தலைக்கனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் இரண்டும் ஒரே கை வேலை. மெழுகில் பல்லை நட்டு, மயிரிழை பிசகாமல் வரிசை பார்த்துச் செதுக்குகிற கைக்கு, கடுகளவு ஈயத்தைச் சூடாக்கிக் கம்பியில் ஒட்டவைப்பது என்ன பெரிய வித்தையா? தெருவில் யார் வீட்டில் எது ரிப்பேரானாலும் கடைசியில் அது அவள் மேசைக்கு வந்து குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அவள் சொந்தமாகச் செய்த முதல் சாமான் ஒரு அலாரம். அடிக்க வேண்டிய நேரத்தைத் தவிர மற்ற எல்லா நேரத்திலும் அடித்தது. அந்த வெற்றியின் ஞாபகமாக இணையத்தில் தனக்கு ‘அரைவேக்காடு’ என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

இணையத்தில் அவளுக்கு ஒரு குழு இருந்தது. அங்கே யாருக்கும் முகம் கிடையாது, வயது கிடையாது, கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்வி கிடையாது. எவரோ எழுதிய புரோகிராமை எவரோ எடுத்துத் திருத்தி இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். எடுத்துக்கொள், பிரித்துப் படி, மாற்று, அடுத்தவருக்கும் கொடு, கெட்டுப்போனால் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டாதே. இதுதான் அங்கே சட்டம். மூடி உடைந்த பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, இரவு பகலாக அவள் ஓடவிட்டது அந்தக் குழு கொடுத்த தைரியத்தில்தான். ஐம்பதை நெருங்குகிற, தனியாகவே இருந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அதைவிடத் தோதான கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்?

தனியாக என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. அப்போது அம்மா இருந்தாள்.

அம்மாவுக்கு இரவில் தூக்கம் வராது. விடிகிற நேரத்தில்தான் கண் அசருவாள். மகளோ விடிந்ததும் பஸ் பிடித்தாக வேண்டும். எழுப்பவும் மனசு வராது, எழுப்பாமல் போனால் வேலையும் ஓடாது. எழுந்தாளா, எழும்போது விழுந்தாளா என்று லேப்பில் மகள் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் நட்டுவிட்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன் செய்தால் தூக்கம் கெட்டுவிடும். அதற்காகச் செய்ததுதான் அந்தப் பெட்டி.

பூனைக்காக இரவில் சாத்திவைக்கும் சமையலறைக் கதவில் ஒரு காந்தம். நிலையில் ஒரு சின்ன போர்டு. கதவு திறந்து காந்தம் விலகியதும் போர்டு வைஃபை வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் உடனே, ஊரின் அந்தக் கோடியில், லேப்பில் அவள் வேலை மேசையில் இருக்கும் ஆரஞ்சு விளக்கை எரியவைக்கும். அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். ஆரஞ்சு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் சமையலறையில், பெட்டியிலேயே, ஒரு பச்சை விளக்கு எரிந்து அணையும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். வேறு ஒன்றும் கிடையாது.

பெட்டிக்கு மூடி வாங்கவில்லை. லேப்பில் ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மாவு மிஞ்சியிருந்தது, அதிலேயே அச்சு வார்த்துவிட்டாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லவேளை பல்லு வைக்காமல் விட்டாய் என்றாள்.

ஆனால் அந்தப் பச்சை விளக்கின்மேல் அம்மாவுக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. அதை அம்மா விளக்காக நினைக்கவே இல்லை. ஒருமுறை இருவரும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, சும்மா விளையாட்டுக்கு மகள் பொத்தானை அமுக்கினாள். அம்மா போனை மறந்துவிட்டு விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

“சரி சரி, பார்த்துட்டேல்ல, போய் வேலையைப் பாரு.”

போனில் இருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் புரோகிராமைக் குழுவில் வெளியிட்டாள். படம் வரைந்து, எந்தக் கம்பி எங்கே என்று பாகம் பாகமாக விளக்கி, மேசை விளக்கு இல்லாதவர்கள் போனிலேயே பார்த்துப் பொத்தானை அமுக்க ஒரு பக்கமும் சேர்த்து, ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து செய்தாள். நாலைந்து பேர் பாராட்டினார்கள். அதோடு அது அடியில் போய்விட்டது.

அம்மா போனது மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியில். கதவுக்கும் பெட்டிக்கும் வேலையே இல்லாமல் போனது. தம்பி வந்தான், ஆக வேண்டியதைச் செய்தான், எங்களோடு வந்துவிடு அக்கா என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் போயிருப்பாளோ என்னவோ, அவன் சொல்லவில்லை. அவள் பெட்டியைக் கழற்றி இழுப்பறையில் போட்டாள். லேப்டாப்பை மட்டும் நிறுத்தவில்லை. அதன் விசிறிச் சத்தமும் நின்றுவிட்டால் வீட்டில் என்ன இருக்கிறது? லேப் மேசையில் இருந்த விளக்கையும் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், யாருக்கோ கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. பழகின கை, அதற்குச் சாவு தெரியுமா? அமுக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வீட்டுக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. சமையலறைக் கதவு சாத்தியபடி இருந்தது. பெட்டி இழுப்பறையில் உயிரில்லாமல் கிடந்தது.

லேப்டாப்பைத் திறந்து பதிவுகளைப் பார்த்தாள். யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று அது வரி வரியாக எழுதிவைக்கும். வந்தது வேறு எங்கோ இருந்து. முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பெட்டி, தன் பெயர் ‘அம்மா’ என்று சொல்லிக்கொண்டு, அவள் கடவுச்சொல்லையே காட்டி உள்ளே நுழைந்திருந்தது.

விஷயம் விளங்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டி எந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், என்ன பெயரில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிற மாதிரிக் கோப்பு ஒன்று உண்டு. வெளியிடும்போது அதில் தன்னுடையதை அழித்துவிட்டு ‘உங்கள் முகவரி இங்கே’ என்று எழுதிவைக்க வேண்டும். இந்தத் தொழிலில் கைவைத்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அவள் அழிக்கவில்லை. அவள் வீட்டு லேப்டாப்பின் இணைய முகவரி, கடவுச்சொல், அம்மா என்ற பெயர் எல்லாம் அப்படியே போயிருந்தன, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல. யாரோ அதை அப்படியே எடுத்து, ஒரு எழுத்து மாற்றாமல், தன் வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு அம்மா எழுந்தால், இங்கே அவள் மேசையில் விளக்கு எரிகிறது.

கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் பெட்டி வெளியே நிற்கும். மாதிரிக் கோப்பில் மூன்று வரியை அழித்தால் இனி யாரும் வரமாட்டார்கள். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. உட்கார்ந்தாள், கோப்பைத் திறந்தாள், அழித்தாள். வெளியிடும் பொத்தானில் விரல் போய் நின்றது. பிறகு கோப்பைச் சேமிக்காமல் மூடினாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ‘நாளை’ வரவே இல்லை. வந்தது மறுநாள் காலை ஆரஞ்சு விளக்குதான்.

பதிவுகளை நோண்டியதில், அந்த வீட்டை வேறொரு போனும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. காலையில் கதவு திறக்கும். சற்று நேரத்தில் அந்தப் போன் வந்து பார்க்கும், பொத்தானை அமுக்கும். மகனோ மகளோ, வெளியூரில் இருக்கிறார்கள் போலும். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் கை தவறி அமுக்கியதோடு சரி, அவள் பிறகு பொத்தான் பக்கம் போகவில்லை. அடுத்தவர் வீட்டு அம்மா. எட்ட இருந்து பார்த்தால் போதும்.

போதும் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, அந்த விளக்குக்காகவே காலையில் லேப்புக்கு முன்கூட்டியே போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமையில் தாமதமாக எழுவாள் என்று தெரிந்தது. மழை பெய்தால் கதவை அடிக்கடி திறந்து மூடுவாள். சில நாள் மத்தியானம் சமையலறைக்குப் போகவே மாட்டாள். சாப்பிடவில்லையா, காலையிலேயே சேர்த்துச் சமைத்துவிட்டாளா என்று இவள் இங்கே மண்டையை உடைத்துக்கொள்வாள். பல்லுக்குப் பக்கத்தில் பல்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று முதலாளி கிண்டல் செய்தார். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழுவில் ‘மக்கர்’ என்ற பெயரில் ஒருவர் வந்து, பச்சை விளக்கு மங்கலாக எரிகிறது, கூட்ட முடியுமா என்று கேட்டார். எந்த ரெசிஸ்டரை மாற்றலாம் என்று அவள் பதில் எழுதினாள். சில நாள் கழித்து மக்கர் ஒரு திருத்தம் அனுப்பினார். காற்றில் கதவு ஆடினால் உங்கள் புரோகிராம் அதையும் திறந்ததாக எண்ணுகிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்த்து எண்ணும்படி மாற்றியிருக்கிறேன், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பு. சுத்தமான வேலை. அதைச் சேர்க்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வீட்டுப் பெட்டி காற்றுக்கு ஏமாறுவதை நிறுத்திவிட்டதைப் பதிவில் பார்த்தாள். திருத்தம் வேறு யார் கையிலும் இல்லை. ஆக, அந்த வீட்டுப் பிள்ளை மக்கர்தான்.

இப்போது ஆள் தெரிந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும்: ஐயா, உங்கள் பெட்டி என் வீட்டுக்கு வருகிறது, முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். எழுதவில்லை. இத்தனை நுணுக்கமாகப் படிக்கிற ஆளின் கண்ணில் முகவரி படாமலா போயிருக்கும் என்று ஒரு நொடி தோன்றவும் தோன்றியது. தோன்றியதை ஓரங்கட்டிவிட்டாள். எழுதினால் விளக்கு போய்விடும். அவளுக்கு வேண்டியது விளக்கு.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

பிறகு அந்தப் போன் வருவது குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பார்த்தது, பொத்தானை அமுக்கவில்லை. அப்புறம் பார்க்கவும் இல்லை. காலையில் கதவு திறக்கும். அந்த அம்மா எங்கோ ஒரு சமையலறையில் நின்று எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்குப் பொறுக்கவில்லை. குழுவில் வந்து காற்றுக்குத் திருத்தம் எழுதத் தெரிகிறது, பெற்றவளுக்கு ஒரு பொத்தான் அமுக்க முடியவில்லையா? இப்படியும் ஒரு பிள்ளையா? திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை, இவளே அமுக்கினாள்.

ஆரஞ்சு விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது, அந்தப் பக்கம் கதவு மூடித் திறந்திருக்கிறது. ஒருமுறை. தற்செயலாக இருக்கலாம். மறுநாளும் அமுக்கினாள், மறுநாளும் கதவு மூடித் திறந்தது. அந்த அம்மா பதில் சொல்கிறாள்! இவள் மேசைக்கடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. விளக்கு எரியும், இவள் அமுக்குவாள், அங்கே கதவு மூடித் திறக்கும், இவள் வேலையைப் பார்ப்பாள். பனியும் போய், வெயிலும் போய், அடுத்த மழை வரும்வரை இப்படியே ஓடியது. தம்பி போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்றாள். பொய் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் விளக்கு எரியவில்லை.

முதலில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். போன் வழியாக வீட்டு லேப்டாப்பைக் கேட்டுப் பார்த்தாள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று அந்த வீட்டுப் பெட்டி விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. கதவு மட்டும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுகிற நேரமும் தாண்டிவிட்டது.

செதுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே போட்டாள். பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். பார்க்க ஆள் இருந்தால்தானே பச்சை விளக்குக்கு மதிப்பு? எழுந்தவள் வழுக்கி விழுந்திருந்தால்? எழவே முடியாமல் படுக்கையில் இருந்தால்? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. தினமும் பச்சை விளக்கு எரிந்ததால்தானே அந்த அம்மா, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்? எரியாமல் இருந்திருந்தால் போன் போட்டு ஏன்டா என்று சண்டை பிடித்திருப்பாள். அவனும் பயந்து நாலு நாளைக்கு ஒருமுறையாவது வந்து பார்த்திருப்பான். இவள் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டு, பிள்ளை வேஷம் போட்டு, அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆளையும் இல்லாமல் செய்துவிட்டாள்.

மக்கருக்கு எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. மாதிரிக் கோப்பில் என் முகவரி தங்கிவிட்டது, உங்கள் அம்மாவின் கதவை இத்தனை நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன், விளக்கைப் போட்டதும் நான்தான், நீங்கள் திட்டுவதைப் பிறகு திட்டிக்கொள்ளுங்கள், இன்றைக்குக் கதவு திறக்கவில்லை, உடனே அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், செய்துவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கீழே தன் போன் நம்பரையும் போட்டாள்.

பதில் இல்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிட எழுந்தார்கள், அவள் எழவில்லை. ஒரு கையில் போன், ஒரு கை பொத்தானில். யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடை அச்சு அவள் முழங்கை பட்டு விழுந்து உடைந்தது. முதலாளி வந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“மக்கர் பேசறேன்” என்றது ஒரு குரல். வயதான, கொஞ்சம் கரகரத்த, பெண் குரல்.

இவளுக்கு அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. “அம்மாவுக்குப் போன் பண்ணீங்களா? எடுத்தாங்களா?”

“நான்தாம்மா அந்த அம்மா.”

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் குரல் தானே பேசியது. மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவளாம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாளாம். பெட்டியைத் தானே செய்தாளாம், சோப்பு டப்பாவில். மகன் வெளியூரில். அவன் போனில் அந்தப் பக்கத்தைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். கொஞ்ச நாள் பார்த்தான். அப்புறம் போன் மாற்றிவிட்டேன், அதெல்லாம் போய்விட்டது என்றான்.

“ஆனா விளக்கு எரிஞ்சுது. அப்பவே தெரியும், அவன் இல்லைன்னு.”

“என் வீட்டு முகவரி அதுல இருந்தது...”

“அது எடுத்த எடுப்பிலேயே தெரியும். எதையும் படிக்காம மாட்டற பழக்கம் எனக்குக் கிடையாது.”

“அப்புறம் ஏன் மாத்தல?”

அந்தப் பக்கம் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

“என் பையன் ரொம்ப நாள் பார்க்கமாட்டான்னு தெரியும்மா. பெத்தவளுக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தர் பார்க்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருந்தது. உடம்புக்கு என்ன, ஏன் கதவு திறக்கவில்லை என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள் அந்த அம்மா. காலையில் முழிப்பு வந்தது. எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று தோன்றியது. எழவில்லை. கதவு திறக்காவிட்டால் யாருக்காவது தெரிகிறதா, பார்ப்போமே என்று அப்படியே படுத்துவிட்டாளாம். படுக்கையில் இருந்தே சமையலறைக் கதவும் நிலையில் இருக்கும் பெட்டியும் தெரியும். பச்சை விளக்கு பைத்தியம் பிடித்த மாதிரி எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

இவளுக்கு வந்ததே ஒரு கோபம். “உங்களுக்கு அறிவிருக்கா? வயசாகுதுல்ல? இங்க ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கா, நீங்க படுத்துட்டு வேடிக்கை பார்த்தீங்களா?” என்று ஆரம்பித்தவள், பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டாள். லேப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அம்மா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அழுகை ஓயும்வரை அந்த அம்மா போனை வைக்கவில்லை.

“ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

“இல்ல. பசிக்குது.”

“அப்ப எழுந்து போய்க் கதவைத் திறங்க.”

போனில் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது, பிறகு காலை இழுத்து நடக்கிற சத்தம். மேசையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இவள் பொத்தானை அமுக்கினாள். அங்கே கதவு மூடித் திறந்தது. அந்த ஒலியை முதல்முறையாகக் காதால் கேட்டாள். கீல் கிறீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும்.

“உன் கதவுல பெட்டி இருக்கா?” என்று கேட்டாள் அந்த அம்மா. எப்போது ‘நீ’ ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

“கழட்டி வச்சிருக்கேன். அம்மாவுக்காகச் செஞ்சது. இப்ப வீட்ல நான் மட்டும்தான்.”

“அதுக்குத்தான் கேக்கறேன்.”

அன்று சாயங்காலம் அவள் செய்த முதல் வேலை, மாதிரிக் கோப்பைத் திருத்தியதுதான். முகவரியையும் கடவுச்சொல்லையும் பெயரையும் எடுத்துவிட்டு, இது என் கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று எழுதி வெளியிட்டாள். மக்கரின் திருத்தத்தையும் சேர்த்தாள். இத்தனை மாதம் மலை மாதிரி தெரிந்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு கடவுச்சொல் போட்டு அனுப்பினாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஈறு நிறப் பெட்டியை எடுத்தாள். தூசி துடைத்தாள். மக்கர் சொன்ன முகவரியை எழுதினாள். தன்னிடமும் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மாதான் ஓடுகிறது, அதில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டால் ஆயிற்று என்றிருந்தாள் அந்த அம்மா. கடைசியில் பெயர் எழுதும் வரி வந்தது. அதில் ‘அம்மா’ என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ‘அரைவேக்காடு’ என்று எழுதினாள். பெட்டியைப் பழைய திருகு ஓட்டைகளிலேயே வைத்து முடுக்கினாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்முன் சமையலறைக் கதவைத் திறந்தாள். அந்த நேரத்தில் அந்த அம்மா எழுந்திருக்கவே மாட்டாள். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? பதிவு பதிவாகப் பார்த்தவள். இருந்தாலும் நின்றாள். பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுபடி வந்து நின்றாள். தெருக்கோடியில் பஸ் ஹாரன் கேட்டது. போனால் போகட்டும், அடுத்தது வராமலா போய்விடும் என்று அதே இடத்தில் நின்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அவள் அம்மா நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சொன்னாள்.

“சரி சரி, பார்த்துட்டீங்கல்ல, போய் வேலையைப் பாருங்க.”